மெல்போர்ன் கோப்பை: மறக்கலாகாத வெற்றி எது?

ஆஸ்திரேலிய நாட்டில் நவம்பர் மாதத்து முதற் செவ்வாய்க்கிழமைக்குத் தனிச் சிறப்பு உண்டு. அன்று பிற்பகலில் மெல்போர்ன் நகரின் பிளெமிங்டன் மைதானத்தில் ஒரு குதிரைப் பந்தயம் நடக்கிறது. தூரம் 3,200 மீட்டர். பெரும்பாலும் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த மூன்றரை நிமிடத்துக்காக மெல்போர்ன் நகரமே அரசு விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது! 1861ஆம் ஆண்டு தொடங்கிய இப்பந்தயத்தின் பெயர் மெல்போர்ன் கோப்பை.

குதிரைப் பந்தயமா, அதுவும் நம் ஆண்டு மலரிலா என்று பெற்றோருள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பந்தயத்தில் பணம் கட்டிக் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியவர்களின் கதைகளை நாங்களும் கேட்டிருக்கிறோம். சூதாட்டத்துக்குப் பரிந்து பேசுவது எங்கள் நோக்கமன்று. வெற்றி பெற்ற குதிரைகளின் பட்டியலைப் படிக்கப் படிக்க எங்களுக்குள் எழுந்த ஒரு வழக்கையே இங்கு எடுத்துரைக்க வந்தோம். இத்தனை வெற்றிகளுள் மறக்கலாகாத வெற்றி எது?

முதல் வெற்றி ஆர்ச்சர் என்னும் குதிரையுடையது. 1861இல் பதினேழு குதிரைகள் களம் இறங்கின. மூன்று குதிரைகள் வழியில் விழுந்தன. அவற்றுள் இரண்டு மாண்டன. ஆர்ச்சர் வென்றது, மறு ஆண்டும் வென்றது. நியூ சவுத் வேல்சிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர் நடந்தே வந்து வென்றது என்று நெடுங்காலம் ஒரு கதை உலவி வந்தது. உண்மையில் அது கப்பலில் வந்தது! அதைவிடச் சுவையான செய்தி 1863இல் உள்ளது. ஆர்ச்சர் பங்கேற்கும் என்று தெரிவித்த தந்தி உரிய நேரம் கடந்து வந்து சேர்ந்ததால், அதற்கு இடமில்லை என்று மறுத்துவிட்டனர். இது நியாயமன்று என்று சினந்து வேறு பல உரிமையாளர்களும் தம் குதிரைகளை விலக்கிக்கொள்ள, அவ்வாண்டு ஏழே குதிரைகள்தாம் ஓடின. பிறர்க்கு நேர்ந்த அநீதிக்காகத் தம் வாய்ப்பைத் துறந்தார்களே, அவர்கள் பெயரைக் கேட்டால் இன்று எவரும் சொல்வாரில்லை.

இப்பந்தயத்தின் விதி ஒன்றை இங்கே விளக்க வேண்டும். இது எல்லாக் குதிரைகளும் ஒரே எடை சுமந்து ஓடும் பந்தயம் அன்று. எந்தக் குதிரை முன்பு சிறப்பாக ஓடியதோ, அதன்மீது அதிக எடை ஏற்றுவார்கள். ஜாக்கியின் உடல் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடு சேர்த்து எடையைச் சரிசெய்வார்கள். வலிய குதிரைக்கும் மெலிய குதிரைக்கும் சம வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். கெட்டிக்கார மாணவிக்குத் தேர்வு நாளன்று புத்தக மூட்டையைச் சற்றுக் கூட்டிக் கட்டிவிடுவது போல என்று எங்கள் தோழி ஒருத்தி சொன்னாள். அந்த உவமை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் 1890இல் வென்ற கார்பைனின் பெருமை விளங்கும். முப்பத்தொன்பது குதிரைகள் ஓடிய அப்பந்தயத்தில் ஏறத்தாழ 66 கிலோ சுமந்து அது முதலாவதாக வந்தது. அத்தனை பாரத்துடன் இக்கோப்பையை வென்ற குதிரை அதன்பின் இல்லை. அதற்கு முன் 1876இல் பிரைசிஸ் என்ற மூன்று வயதுப் பெட்டைக் குதிரை சுமந்தது சுமார் 40 கிலோதான். ஆனால் அதன் முதுகில் இருந்தவன் பதின்மூன்று வயதுகூட நிறையாத சிறுவன் பீட்டர் செயிண்ட் ஆல்பன்ஸ்! ஆறே நாள்களுக்குள் டெர்பி, மெல்போர்ன் கோப்பை, ஓக்ஸ் என்னும் மூன்று பெரும் பந்தயங்களையும் பிரைசிஸ் வென்றது. எங்கள் வகுப்பைவிட இளைய பையன்! இன்றைக்கு அந்த வயதுச் சிறுவனை ஏற்றுவதை எந்தச் சட்டமும் ஒப்பாது, அதுவே சரியும்கூட.

பெரும்பாலோரைக் கேட்டால் பார் லாப் என்றே சொல்வார்கள். அவர்கள் கட்சி வலுவானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். நியூசிலாந்தில் 1926இல் பிறந்த இக்குதிரை, ஏலத்தில் வெறும் 160 கினிக்கு வாங்கப்பட்டது. தாய்லாந்து மொழியில் மின்னலைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. உலகமெங்கும் வேலையின்றி மக்கள் வாடிய காலத்தில், ஏழை எளியோர் தம் வீட்டுப் பிள்ளையைப் போல அதைக் கொண்டாடினார்கள். 1930 நவம்பர் 1ஆம் நாள் காலையில் காரில் வந்த யாரோ அதைச் சுட முயன்றார்கள். குதிரைக்காரர் டாமி வுட்காக் உடனிருந்து அதைக் காத்தார். குண்டு படவில்லை. அன்று பிற்பகலே ஒரு பந்தயத்தில் வென்றது. மூன்று நாள் கழித்து 62 கிலோவுக்கு மேல் சுமந்து மெல்போர்ன் கோப்பையையும் வென்றது. அடுத்த ஆண்டு 68 கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாகத்தான் வர முடிந்தது. 1932 ஏப்ரலில் அமெரிக்காவில் திடீரென்று நோயுற்று, வுட்காக்கின் அருகிலேயே உயிர்விட்டது. அதன் தோல் பாடம் செய்யப்பட்டு மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, எலும்புக்கூடு வெலிங்டனில், ஆறு கிலோவுக்கு மேற்பட்ட இதயம் கான்பெராவில். ஒரு குதிரையை மூன்று நகரங்கள் பங்கிட்டுக்கொண்டன!

பார் லாப்பைப் பற்றி எழுதுவோர் எவரும் வுட்காக்கை விட்டுவிடுவதில்லை என்பதையும் இங்குக் கவனிக்க வேண்டும். ஓடியது குதிரை, ஆனால் அதன் லாயத்தருகே உறங்கி, அதற்குத் தீனி ஊட்டியவரின் பெயர் குதிரையின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. "குதிரைதானே ஓடுகிறது, யார் பழக்கினால் என்ன?" என்று எங்களை மடக்கிய தோழிக்கு இதுவே எங்கள் மறுமொழி.

இனி எங்கள் கட்சிக்கு வருவோம்.

1938இல் கோப்பையை வென்ற குதிரையின் பெயர் கேட்டலாக். எட்டு வயதான, நியூசிலாந்திலிருந்து வந்த குதிரை. அதை அங்கே பழக்கி உருவாக்கியவர் மெக்டொனால்ட் அம்மையார். நியூசிலாந்தில் பெண்கள் பயிற்சியாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்திலோ அதற்கு இடமில்லை. ஆகவே அங்கு வந்ததும் அவருடைய கணவர் ஆலன் மெக்டொனால்டின் பெயரில் குதிரையைப் பதிந்தார்கள். குதிரை வென்றது. பயிற்சியாளர் என்று ஏட்டில் ஏறியது கணவரின் பெயர். கேட்டலாக் என்ற சொல்லுக்கே பட்டியல் என்றுதான் பொருள். பட்டியல் என்று பெயர் கொண்ட குதிரையால் தன்னைப் பழக்கியவரின் பெயரைப் பட்டியலில் சேர்க்க முடியவில்லை!

எங்களை இன்னும் வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. 1915இல் பட்ரோபாஸ் என்ற குதிரை வென்றபோது அதன் உரிமையாளர் ஒரு பெண்மணி, திருமதி விடிஸ் என்பவர். அதை எவரும் தடுக்கவில்லை. அதாவது, பெண் பணம் கொடுத்துக் குதிரையை வாங்கிக்கொள்ளலாம். அதே பெண் விடியற்காலையில் எழுந்து, பனியில் நின்று, அதைப் பழக்கினேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளக் கூடாது. இது என்ன நியாயம்? அந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தான் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். அந்தக் காலத்திலேயே, கடலுக்கு அப்பாலிருந்த நியூசிலாந்து அப்படி இல்லையே!

ஒரு பெண் பயிற்சியாளரின் பெயர் முதன்முதலாக முறைப்படி ஏட்டில் ஏற 2001ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. எத்தீரியல் என்ற பெட்டைக் குதிரையைப் பழக்கிய ஷீலா லாக்சன்தான் அவர். 1938க்கும் 2001க்கும் இடையே அறுபத்து மூன்று ஆண்டுகள். நம் பாட்டிமார் பிறந்து, வளர்ந்து, பேத்தி எடுக்கும் காலம் அது.

குதிரை ஓட்டுவதிலும் இதே கதைதான். 1987இல் மாரீ லிண்டன் என்ற நியூசிலாந்துப் பெண் முதன்முதலாக இப்பந்தயத்தில் பங்கேற்றார். வெற்றி வந்தது 2015இல், மிஷெல் பெய்ன் வழியாக. பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. ஆறு மாதக் குழந்தையாக இருக்கையில் தாய் கார் விபத்தில் இறந்துவிட, தந்தைதான் அத்தனை பேரையும் வளர்த்தார். அவர் படித்தது நம்மைப் போலவே கன்னியர் பள்ளியில், பல்லாரட் நகரின் லொரெட்டோ கல்லூரியில் என்று அறிந்தபோது, எங்கள் மதர் முகத்திலும் ஒரு புன்னகை தோன்றத்தான் செய்தது. 2004இல் குதிரையிலிருந்து விழுந்து மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டது. குணமாகி மீண்டும் ஏறினார். பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் என்ற அவருடைய குதிரைக்கு ஒன்றுக்கு நூறு தருவதாகச் சொன்னார்கள் பந்தயக்காரர்கள். அதாவது, வெல்லும் என்று ஏறக்குறைய எவரும் நம்பவில்லை. வென்றது. இறங்கியதும், பெண்களுக்கு வலு போதாது என்று சொன்னவர்களை அவர் தொலைக்காட்சியிலேயே ஒரு பிடி பிடித்தார். அவர் பயன்படுத்திய சொல்லை இம்மலரில் அச்சிட இயலாது.

ஆயினும் அவ்வெற்றியில் எங்கள் உள்ளத்தைத் தொட்டவர் அவருடைய அண்ணன் ஸ்டீவி. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம் என்னும் குறைபாடு உள்ளவர். அக்குதிரையைப் பராமரித்த குதிரைக்காரர் அவரே. எந்த வாயிலிலிருந்து குதிரை புறப்பட வேண்டும் என்று சீட்டு எடுக்கும் பொறுப்பையும் அவரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் கைக்கு வந்தது முதலாம் எண். 2019இல் இக்கதை திரைப்படமானபோது ஸ்டீவியாகத் தோன்றி நடித்தவரும் அவரேதான்.

மக்கைபி டீவாவை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர் கேட்பார். விடவில்லை. 2003, 2004, 2005 என மூன்று முறை இக்கோப்பையை வென்ற ஒரே குதிரை அது. அதுவும் பெட்டைக் குதிரை. மூன்றாம் முறை 58 கிலோ சுமந்தது. இதைப் போன்ற இன்னொன்றைக் காணும் அளவுக்கு நீண்ட காலம் வாழக்கூடியது இம்மைதானத்திலுள்ள மிகச் சிறிய குழந்தை மட்டுமே என்னும் பொருள்பட அதன் பயிற்சியாளர் லீ ஃப்ரீட்மன் அன்று கூறினார். அதன் உரிமையாளர் தம்மிடம் பணிபுரிந்த ஐந்து பெண்களின் பெயர்களிலிருந்து முதலிரண்டு எழுத்துகளை எடுத்துக் கோத்துத்தான் அப்பெயரை உண்டாக்கினார். அலுவலகத்தில் வேலை செய்த ஐவர் ஏட்டில் ஏறிவிட்டார்கள், எழுத்துத் துணுக்குகளாகவேனும்!

இப்பந்தயத்தின் கறையையும் மறைக்க விரும்பவில்லை. 1861இல் இரண்டு குதிரைகள் மாண்டன என்றோம். 2014இலும் இரண்டு இறந்தன. 2020இல் கால் முறிந்த ஆந்தனி வான் டைக் என்ற குதிரையைக் கொல்ல நேர்ந்தது. அதன்பிறகே வெளிநாட்டுக் குதிரைகளின் கால்களை ஸ்கேன் செய்து பார்த்த பின்னர் அனுமதிக்கும் விதி வந்தது. முன்னமே வந்திருக்கலாம். இதன் பொருட்டு இப்பந்தயமே வேண்டாம் என்போர் ஆஸ்திரேலியாவிலேயே பலர் உளர். எங்களுள்ளும் இருவர் உளர்.

ஷீலா லாக்சனின் பெயர் 2024இல் மீண்டும் ஏட்டில் ஏறியது. நைட்ஸ் சாய்ஸ் என்ற குதிரையை அவரும் ஜான் சைமன்சும் சேர்ந்து பழக்கியிருந்தார்கள். 2025இல் ஹாஃப் யுவர்ஸ் என்ற குதிரையை ஓட்டி ஜேமி மெல்ஹாம் வென்றார். மிஷெலுக்குப் பிறகு வென்ற பெண் அவர். மகிழ்ச்சியே. ஆனால் 1938க்கு நேரே இருக்கும் பெயர் மட்டும் இருந்தபடியே இருக்கிறது. என்றேனும் பொது அறிவுப் போட்டியில் அவ்வாண்டுப் பயிற்சியாளர் யார் என்று கேட்டால், மெக்டொனால்ட் அம்மையார் என்றே நாங்கள் எழுதப் போகிறோம். மதிப்பெண் போனால் போகட்டும்.