ஈரல் ஓகே, ரத்தம்?

போன மாசம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. வழக்கம்போல முதல்ல எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. ரெண்டையும் பார்த்தேன். நார்மல். அப்பாடா! ஹீமோகுளோபின் 18.3. தங்கமணி எட்டிப் பார்த்துட்டு, "பரவாயில்லையே, ரத்தம் நல்லா ஊறியிருக்கு. எல்லாம் என் கீரைக்கூட்டு"ன்னு பெருமைப்பட்டுக்கிட்டாங்க.

டாக்டர் ஈரல் பக்கமே போகலை. பி.சி.வி.ங்கற வரியில விரலை வச்சார். 55.

"கடைசியா இதை எப்ப பார்த்தீங்க?"

"ஒன்றரை வருஷம் இருக்கும் சார். நடுவுல ஈரல் டெஸ்ட் மட்டும்..."

அவர் முகம் மாறிடுச்சு.

முன்கதைச் சுருக்கம்: பிட்யூட்டரி கட்டிக்கு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து எனக்கு டெஸ்டோஸ்டிரோன் சரியா சுரக்கறதில்லை. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. "ஹார்மோன் ஊசியா? ஈரல் பத்திரம் மாப்ளே"ன்னு சொல்லாத ஆளே கிடையாது. நானும் ஈரலையே காவல் காத்தேன். திருடன் கொல்லைப்பக்கமா வந்துட்டான்.

ஈரல் பயம் சும்மா வந்ததில்லை. மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் மாதிரி மாத்திரைகள் ஈரலைக் கெடுக்கும். ஊசியிலயும் ஜெல்லுலயும் அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. இன்னொண்ணு, அந்த என்சைம்கள் தசையிலயும் இருக்கு. ஜிம்முல முதல் நாள் வெயிட் தூக்கிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தா அதுவே எகிறும். அப்ப ஜி.ஜி.டி.யும் சி.பி.கே.யும் சேர்த்துப் பார்த்தா குத்தவாளி ஈரலா தசையான்னு தெரியும்.

ஆனா டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைக் கூட்டும். எந்தப் பிராண்டா இருந்தாலும் கூட்டும், ஊசியில கொஞ்சம் அதிகமாவே. பி.சி.வி.ங்கறது ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கற கணக்கு. ஏறினா ரத்தம் கெட்டியாகும், உறையற ஆபத்து உண்டு. அமெரிக்காவோட எண்டோகிரைன் சொசைட்டி 2018 வழிகாட்டுதல்படி ஆரம்பிக்கும் முன்ன ஒரு தடவை, 3 முதல் 6 மாசத்துல ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் பார்க்கணும். 54 தாண்டினா மருந்தை நிறுத்தணும்.

2023ல வந்த டிராவர்ஸ் ஆய்வுல, 5,000 பேருக்கு மேல பார்த்ததுல, மாரடைப்பும் பக்கவாதமும் கூடலைன்னு தெரிஞ்சது. நல்ல சேதிதான். ஆனா நுரையீரல் ரத்தக்கட்டி மருந்து போட்டவங்ககிட்ட கொஞ்சம் அதிகமா இருந்தது. அதுவும் பி.சி.வி.யைக் கண்காணிச்சுக்கிட்டே நடத்தின ஆய்வு. நாம கண்ணை மூடிக்கிட்டு போட்டுட்டு அந்த ஆய்வைக் காட்டி ஆறுதல்பட முடியாது.

நம்ம ஊருல ரத்தம் கம்மின்னா பதறுவோம், ஜாஸ்தின்னா சந்தோஷப்படுவோம். என் கட்சி இதுதான்: ஊசி போடறவன் ஒரே ஒரு எண்ணைத்தான் மனப்பாடம் பண்ண முடியும்னா, அது எஸ்.ஜி.பி.டி. இல்லை, பி.சி.வி. ஊசி எழுதித் தர்றவங்களும் அந்தத் தேதியைச் சீட்டுலயே எழுதணும். டெஸ்டுக்கு ஆகற செலவு ஊசியை விடக் கம்மி.

இப்ப எனக்கு ஊசி நிறுத்தியிருக்கு. குறட்டை விடறேன்னு தூக்கப் பரிசோதனையும் எழுதியிருக்கார், தூக்கத்துல மூச்சு நின்னாலும் பி.சி.வி. ஏறுமாம். எண் இறங்கினதும் குறைஞ்ச அளவுல மறுபடி ஆரம்பம்.

தங்கமணி கீரைக்கூட்டை மட்டும் நிறுத்தலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. உங்க டாக்டரைக் கேட்காம ஊசியை நிறுத்தவோ கூட்டவோ வேணாம்.