நீராவி எஞ்சினுக்குக் கூரை வேண்டும், பீடம் வேண்டாம்

பழைய நீராவி எஞ்சினைப் பேணுவது என்றால் யாது? கறுப்பு மை பூசிச் சக்கரங்களுக்குச் சிவப்புக் கோடிட்டு, நிலைய வாசலிலே சீமெந்துப் பீடமொன்றில் ஏற்றி, மாலை சூட்டிப் படமெடுத்துக் கொள்வது என்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இதனை நாம் பேணுதல் என்று ஒப்பமாட்டோம். பலரறியச் செய்யும் மெல்லக் கொலை என்றே சொல்வோம்.

எஞ்சினைத் தின்னும் நோய் வெளியே தெரிவதில்லை. கொதிகலத்தின் வெப்பங் காப்பதற்காகச் சுற்றியிட்ட உறை மழைநீரைக் குடித்து, மேற்றகட்டின் மறைவிலே தேக்கி வைத்துக்கொள்கிறது. மூடப்படாத புகைபோக்கி வழியே இறங்கும் நீர், புகைப்பெட்டியில் எஞ்சிக் கிடக்கும் கரிச்சாம்பலோடு சேர்கிறது. சாம்பலிலுள்ள கந்தகம் அந்நீரை அமிலமாக்குகிறது. வெளியே மை பளபளக்கும். உள்ளே தகடு அப்பளமாகும். இதனை எமது கமக்காரருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நீரிறைக்கும் பொறியை மாரியில் வெளியே விடநேர்ந்தால், ஒரு சாக்கையாவது எடுத்துப் போர்த்தாமல் அவர் உறங்கப் போவதில்லை. அந்த அறிவு கந்தோர்களில் இருப்போருக்கு ஏன் எட்டவில்லை?

1864 டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடிற்று. அதன் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவிலே, 2014 டிசம்பரில், கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. அவ்விடத்தை நாம் குறைகூறோம். நாற்பத்தைந்தடி தூரத்துக்கு ஓரடி உயரும் அந்த ஏற்றத்திலே எஞ்சின்கள் மூச்சிரைக்க ஏறிய வரலாறு அங்கேதான் சொல்லப்பட வேண்டும். ஆயின் இந்நாட்டின் புகையிரத வரலாறு மலைநாட்டோடு முடிந்து விடுகிறதா? கோப்பியும் தேயிலையும் மட்டுமா வண்டியேறின?

வடபாதையின் குடாநாட்டுப் பகுதியில் 1902இல் வண்டி ஓடத் தொடங்கிற்று. 1905இல் காங்கேசன்துறை வரை பாதை முழுமையாயிற்று. அன்று தொட்டு அரை நூற்றாண்டு காலம், புகையிலைச் சிப்பங்களைத் தென்னாட்டுச் சந்தைக்கு இழுத்தது நீராவி. உத்தியோகம் பெற்ற இளைஞனை ஒரு தகரப்பெட்டியோடு கொழும்புக் கோட்டையில் இறக்கியதும் நீராவி. இதனைப் படிக்கும் டாக்டர்களிலும் எந்திரவியலாளரிலும், பாட்டனார் அவ்வண்டியில் ஏறாதவர் எத்தனை பேர்? 1956 ஏப்ரலில் புறப்பட்ட யாழ்தேவியை எல்லாரும் அறிவர். அதனை இழுத்தது டீசல். அதற்கு முன் உழைத்துத் தேய்ந்ததை நினைப்பார் இல்லை.

1990 ஜூனில் அப்பாதை நின்றது. பின் வந்த போர்க்காலத்திலே தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. நிலையங்கள் இடிந்தன. இந்தியக் கடனுதவியால் பாதை மீண்டும் இடப்பட்டு, 2014 அக்டோபர் 13ஆம் நாள் வண்டி யாழ்ப்பாணம் வந்தது. வந்ததை வரவேற்றோம். ஆனால் வந்தவை யாவும் புதியவை: புதிய தண்டவாளம், புதிய கட்டடம். பழைய வடபாதையைக் கண்முன் நிறுத்தப் போதிய பொருள் வடக்கிலே மிஞ்சவில்லை. அதனாலேயே கேட்கின்றோம்: நீராவி எஞ்சின்களை வைத்துக் காப்பதற்கென எத்திட்டம் தீட்டப்பட்டாலும் அதிலே வடக்குக்கு ஒரு கொட்டகை இருத்தல் வேண்டும். இது சலுகையன்று, பங்கு.

எங்கே அமைப்பது? காங்கேசன்துறை என்று பலர் சொல்வர். கூடாது என்கின்றோம். உப்புக்காற்று இரும்புக்குச் சத்துரு. பாசத்தினால் எஞ்சினைக் கடற்கரையில் நிறுத்துவது, பீடத்தில் ஏற்றுவதிலும் பெரிய தவறு. மாங்குளமோ வவுனியாவோ மேல். யாழ்ப்பாணத்தார் முகஞ்சுளித்தாற் சுளிக்கட்டும். பாதை அவர்களுக்கு மட்டும் உரியதன்று.

கொட்டகை என்றால் நான்கு தூணும் நாலு தகரமும் அல்ல. அமெரிக்காவில் பால்ற்றிமோர் புகையிரத நூதனசாலையார், 1884இல் எழுந்த வட்டக் கொட்டகையிலே தம் எஞ்சின்களை வைத்திருந்தனர். 2003 பெப்ரவரியில் பனியின் பாரந் தாங்காது கூரை இடிந்து, கீழிருந்த அரும்பொருட்களை நசுக்கிற்று. அடுத்த ஆண்டு நவம்பரிற்றான் மீளத் திறக்க முடிந்தது. நமக்குப் பனியில்லை, புயலுண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் வண்டியோடு மக்களை வாரிக்கொண்ட புயல் எமது கரையையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே காற்றுக்கு நிற்கும் கூரை வேண்டும். புகை போக வழியும், எஞ்சினின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கு நீர்வடியும் குழியும் வேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையாக, கொட்டகையின் தண்டவாளம் ஓடும் பாதையோடு இணைந்திருக்க வேண்டும். பீடத்தில் ஏறிய எஞ்சின் பழுதுபார்க்கக்கூட நகராது. கொதிகல வேலை தெரிந்த முதிய தொழிலாளர் இருக்கும்போதே, எமது தொழினுட்பக் கல்லூரி மாணவர் அங்கே சென்று கை கறுக்கப் பழகவும் வேண்டும். 1980களில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று நீராவி எஞ்சின்களைத் திருத்தி ஓட்டத் தெரிந்த நாட்டுக்கு இஃதொன்றும் இயலாத காரியமன்று.

"அரிசிக்கே வழியில்லாதபோது பழைய இரும்புக்கு வீடா?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயின் அதனைக் கேட்போர், பந்தலுக்கும் பெயர்ப்பலகைக்கும் பணம் போனபோது எங்கே இருந்தனர்? செலவு வேண்டாமென்றால் விழாவை நிறுத்துங்கள்; கூரையை நிறுத்தாதீர்கள்.

திணைக்களத்தார் முதலில் ஒன்று செய்யட்டும். நாட்டில் எஞ்சியுள்ள நீராவி எஞ்சின்கள் எத்தனை, எவ்வெவை எங்கெங்கு நிற்கின்றன, அவற்றுள் எவற்றுக்குக் கூரையுண்டு, எவை வானம் பார்த்து நிற்கின்றன என்ற பட்டியலை மூன்று மொழிகளிலும் வெளியிடட்டும். அடுத்த மாரிக்கு முன் அப்பட்டியல் எம் கைக்கு வரவேண்டும்.