ஆறாம் மாதமும் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தலைக்காயச் சிகிச்சை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கியபின், விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால், பிழைத்தவர்கள் அதன்பின் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும்.

என் அண்ணன் மகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவன். சி.டி.எச். சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவனுக்கு, மூளையில் உறைந்திருந்த ரத்தத்தை அறுவை சிகிச்சை செய்து அகற்றினார்கள். நடந்தே வீடு திரும்பினான். மருத்துவமனைப் பதிவேட்டில் அவன் குணமானவன். வீட்டிலோ, சொன்னது மறந்துபோகிறது. சட்டென்று கோபம் வருகிறது. பழைய வேலைக்குப் போக முடியவில்லை.

இத்தகைய பாதிப்புகளை அளக்க வழி இருக்கிறது. கிளாஸ்கோ மருத்துவர்கள் ஜென்னட், பாண்ட் இருவரும் மரணம் முதல் நல்ல மீட்சி வரை ஐந்து படிகள் கொண்ட அளவுகோலை 1975-இல் வகுத்தார்கள். தலைக்காய ஆய்வுகள் பலவும் ஆறாம் மாதத்தில் இதைக் கொண்டே பலனைக் கணக்கிடுகின்றன. டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-லேயே மூளை, நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிவைத்த சென்னையில், இந்தக் கணக்கு முறையாக எடுக்கப்பட வேண்டும்.

வீடு தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் தலைக்காய நோயாளிகளை ஆறாம் மாதம் சந்திக்கட்டும். நினைவாற்றல், மனநிலை, வேலை மூன்றையும் விசாரித்து, சம்மதத்துடன் பதியட்டும். பெயர்களை நீக்கி அந்த விவரங்களை ஆண்டுதோறும் அரசு வெளியிட்டால், எந்தச் சிகிச்சை யாருக்குப் பலனளித்தது, மறுவாழ்வுப் பயிற்சி யாருக்குத் தேவை என்பது தெளிவாகும்.

இப்படிக்கு,
அம்பத்தூர் வாசகர்