குடியிருக்கும் ஊரும் கொண்டு செல்லும் வழியும்

தமிழில் 'ஊர்' என்னும் சொல் பெயராய் நிற்கும்போது மக்கள் வாழும் இடத்தைக் குறிக்கும். வினையாய் நிற்கும்போது நகர்தலையும், ஒன்றன்மீது ஏறிச் செல்லுதலையும் குறிக்கும். ஊர்தி என்னும் சொல் பிறந்ததும் இவ்வினையடியாகவே. இவை இரண்டும் ஒரு சொல்லோ, ஒலியால் ஒத்த இரு சொற்களோ என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. ஆயினும், ஊரைத் தெரியுங்கால் ஊர்தியை மறப்பவர் நாள்தோறும் இடர்ப்படுவர் என்பதற்கு நம் கல்முனைப் பகுதியே சான்றாக நிற்கின்றது.

இன்று இப்பகுதியில் இருப்பிடம் மாறுவோர் பலர். புது நியமனம் பெற்று வரும் ஆசிரியரும், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தரும், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற்குப் படிக்கவும் படிப்பிக்கவும் வருவோரும் அவருட் சிலர். அவரினும் பெருந்தொகையினர், பிறந்த வளவில் இனி இடமில்லாமையால் வேறு குறிச்சி தேடிச் செல்லும் இளங்குடும்பத்தினர். நீண்ட காலம் ஆசிரியத் தொழில் புரிந்தவன் என்னும் உரிமையால் இவருள் அநேகர் என்னிடம் வந்து, எவ்விடம் நன்று என்று வினவுவதுண்டு. காணியின் விலை, கிணற்று நீரின் சுவை, அயலவர் இயல்பு, பள்ளிவாசலின் அண்மை ஆகிய யாவற்றையும் அவர்கள் கேட்பர். அங்கிருந்து பஸ் வண்டி ஏற எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்பவர் மிகச் சிலரே. முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் கருத்து.

நம் நிலத்தின் அமைப்பைச் சற்றே நோக்குவோம். கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டை. நெய்தலுக்கும் மருதத்திற்கும் இடையே வடக்குத் தெற்காய் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலமே நம் குடியிருப்பு. அதன் நடுவே, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ 4 நெடுஞ்சாலை செல்கின்றது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நம் ஊர்கள் நூலிற் கோத்த மணிகள் போல் இவ்வொரு வீதியிலேயே அமைந்துள்ளன. இருப்புப்பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகின்றது. அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தெற்கே உள்ள நமக்குப் புகைவண்டி இல்லை. எனவே, சொந்த வாகனம் இல்லாதவனுக்கு உலகத்தின் வாயில் இந்த வீதியில் ஓடும் பஸ் வண்டியேயாகும்.

இதனால் விளையும் ஒரு விந்தையைக் காண்க. நிந்தவூர்ச் சந்தியருகே வாழும் ஆசிரியை, பல கிலோமீற்றர் வடக்கேயுள்ள மருதமுனைப் பாடசாலைக்கு ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே பஸ்ஸில் இறங்கிச் செல்லலாம். கல்முனையிலேயே, வீதியிலிருந்து இரண்டு கிலோமீற்றர் மேற்கே வயலோரத்தில் வாழும் ஆசிரியையோ, அதே கல்முனைப் பாடசாலைக்கு முச்சக்கரவண்டிக்குக் காத்து நிற்க வேண்டும்; அல்லது வெயிலிலும் மழையிலும் நடக்க வேண்டும். வடக்குத் தெற்காய் நெடுந்தூரமும் குறுந்தூரமாகின்றது. கிழக்கு மேற்காய்க் குறுந்தூரமும் நெடுந்தூரமாகின்றது. ஊரின் பெயரைக் கேட்டு இடம் தெரிபவர் இதனைக் காண்பதில்லை.

நம் குடியிருப்பு மேற்கே நகர்வதற்கும் காரணம் உண்டு. பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மணமகனை அவ்வீட்டிற்கு அழைப்பது இக்கரையோரத்துப் பழவழக்கம். மகளிர் மூவர் பிறந்தால் ஒரு வளவு மூன்றாகும். அவர்தம் மகளிர் காலத்தில் அது மேலும் துண்டுபடும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி வந்து கரையோரத் தெருக்களை அழித்தது. அதன்பின் கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை மீளக் கட்டலாகாது என்று விதிக்கப்பட்டது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டதாயினும் அச்சம் தளரவில்லை. சாய்ந்தமருதின் மேற்கே பொலிவேரியன் குடியிருப்பு போன்ற புதுக் குடியிருப்புகள் இவ்வாறே எழுந்தன. வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, மண் இட்டு மேடாக்கிய காணி விலை குறைவு என்று வாங்குவோர் தொகை பெருகியே வருகின்றது.

விலை குறைவென்பது மெய்யே. ஆனால் அக்குறைவை நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுப்பவர் யார்? வீட்டுத் தலைவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுகின்றார். வேலைக்குச் செல்லும் மனைவியும், மாலை வகுப்பு முடிந்து இருட்டில் திரும்பும் மகளும், மாதந்தோறும் வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் செல்ல வேண்டிய மூதாட்டியுமே அவ்விலையைச் செலுத்துகின்றனர். பஸ் வீதிக்கு நடந்து செல்லக்கூடிய பெண் தன் காலைக் கொண்டே உத்தியோகம் பார்க்கின்றாள். அஃது இயலாதவளுக்குத் தந்தையோ, கணவனோ, தம்பியோ ஓய்வாய் இருக்கும் நேரமே உத்தியோக நேரமாகின்றது. பெண்கல்வியில் இக்கரையோரம் அடைந்துள்ள முன்னேற்றத்தைப் பெருமையுடன் பேசும் நாம், படித்த மகளுக்கு எவ்விடத்தில் வீடு கட்டிக் கொடுக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா? கலியாணப் பேச்சிற் கூரையையும் மதிலையும் விசாரிக்கும் பெரியோர் பஸ் தரிப்பிடத்தையும் சேர்த்து விசாரிப்பாராக.

"இக்காலத்தில் வாகனம் இல்லாதவர் யார்?" என்று வினவுவார் உளர். 2022ஆம் ஆண்டை அவர் நினைவுகூர்க. எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாய் வரிசை நின்றது. அவ்வாண்டு ஜூன் திங்களிற் பாடசாலைகள் பல மூடப்பட்டன. அப்போது நெடுஞ்சாலையை அண்டி வாழ்ந்தோர் நெருக்கடி மிகுந்த பஸ்ஸிலாயினும் தொங்கிச் சென்றனர். உள்ளே வாழ்ந்தோர் பழைய சைக்கிளைத் தூசி தட்டினர். அதுவும் இல்லாதோர் வீட்டிலே முடங்கினர். வாகனம் உடையவன் என்னும் செல்வம் எரிபொருள் உள்ள வரைக்கும்தான்.

வீதியோரத்தில் இரைச்சலும் தூசியும் விபத்தச்சமும் உண்டு என்று மறுப்போரும் உளர். அவர் கூற்றை நான் ஒப்புக்கொள்கின்றேன். வீதியின் மேலேயே குடியிருக்குமாறு எவருக்கும் நான் சொல்வதில்லை. ஒரு மூதாட்டி இடையில் இளைப்பாறாமல் நடந்து சென்று பஸ் ஏறக்கூடிய தூரம், அதாவது பத்து நிமிட நடை, அளவாகட்டும். அதற்குள் அமைதியான ஒழுங்கைகள் நம் ஊர்களில் நிறைய உள.

தூரத்தோடு மாரிகாலத்தையும் அளந்து பார்த்தல் வேண்டும். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதி பெருமழைக் காலத்தில் வெள்ளத்துள் மூழ்குவது வழக்கம். கோடையிற் காணி பார்த்தவர் கார்த்திகையிற் கண்ணீர் விடுவர். 2024 நவம்பர் 26ஆந் திகதி, காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குச் செல்லும் வீதியில், மாவடிப்பள்ளியருகே வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் கவிழ்ந்து, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் பலர் உயிரிழந்தனர். அப்பிள்ளைகளின் முடிவை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கின்றது. குறுக்கு வழிகளைக் கவனியாது விட்டதற்கு நாம் கொடுத்த விலை அது. அம்பாறைக் கச்சேரிக்குச் செல்வோரும் கரையோர ஊர்களிலிருந்து சம்மாந்துறைக்கு மீள்வோரும் அவ்வீதியையே நம்பியிருக்கின்றனர்.

பிறநாட்டார் இவ்விடயத்தில் என்ன செய்தனர்? பிரேசில் நாட்டுக் குரிச்சிபா நகரத்தார், பஸ்ஸுக்கென்று தனி வழி வகுத்து, அவ்வழியின் இருமருங்கும் குடியிருப்பு நெருங்கி வளருமாறு விதி செய்தனர். 1974இல் ஓடத் தொடங்கிய அச்சேவையை உலகம் இன்றும் சென்று பார்த்துக் கற்கின்றது. அவர்கள் முயன்று ஆக்கிக்கொண்ட நீள்வடிவத்தை நமக்குக் கடலும் வயலும் சேர்ந்து இலவசமாய் அளித்துள்ளன. ஒரே வீதி, அதன் மேல் நெருங்கிய ஊர்கள், எந்நேரமும் ஏறுவதற்கு மக்கள். இதனினும் பஸ் சேவைக்கு ஏற்ற நிலம் அரிது. இத்தகைய நல்வாய்ப்பை, திட்டமின்றி வயலுக்குள் சிதறிப் போவதனால் நாமே கெடுத்துக்கொள்கின்றோம்.

ஆட்சியாளர்க்கும் சில சொல்ல வேண்டும். 1979இல் மீண்டும் அனுமதி பெற்ற தனியார் பஸ்கள், ஆட்கள் நிறைந்த பெருவீதியை நாடுவது இயல்பே. அவர்க்கு ஊதியம் வேண்டும். ஊதியம் மெலிந்த வழியிலும் ஓடுவதற்கன்றோ பொதுமக்கள் பணத்தில் ஒரு சபை நடக்கின்றது! 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை நாட்டுடைமையான போது நோக்கம் அதுவாகவே இருந்தது. ஆதலின், வயலோரக் குடியிருப்புகளிலிருந்து பெருவீதிக்கு, பாடசாலை தொடங்கும் முன்னும், மாலை வகுப்புகள் முடிந்த பின்னும் சிறு பஸ் வண்டிகள் ஓட வேண்டும். தரிப்பிடங்களில் மழைக்கு ஒதுங்கக் கூரையும், இருளில் ஒரு விளக்கும் வேண்டும். தாம்போதிகள் வெள்ளமட்டத்திற்கு மேல் உயர்த்தப்பட வேண்டும். இனிப் புதுக் குடியிருப்பு அமைப்போர், முதற் கல் நடுமுன் அங்கு ஓடவிருக்கும் பஸ்ஸின் நேர அட்டவணையை மக்கள்முன் வைப்பாராக.

காணி வாங்க எண்ணும் அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். முற்பணம் கொடுக்குமுன், கார்த்திகை மழை பெய்யும் ஒரு காலையில், பாடசாலை தொடங்கும் வேளைக்கு, மனைவி மக்களோடு அக்காணியிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை நடந்து பாருங்கள். மாலை மங்கிய பின் அவ்வழியே திரும்பி நடந்து பாருங்கள். அந்நடைக்குப் பின் உங்கள் மகள் என்ன சொல்கின்றாளோ, அதனைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.