ஒட்டாத கம்பிக்கு யார் பொறுப்பு?

“தரம் கெட்டுவிட்டது, தொழிலாளிக்குப் பொறுப்பில்லை!” மோட்டார் வாகனங்களுக்கு எலக்ட்ரானிக் சாமான்கள் செய்யும் ஆலைகளில் ஒரு பெட்டிச் சரக்கு திரும்பி வந்தால் நிர்வாகத்தார் முதலில் பாடும் பல்லவி இதுதான். மெமோ பறக்கிறது. சுவரில் தரத்தைப் பற்றிப் புதிய வாசகம் ஒன்று தொங்குகிறது. இந்தப் பித்தலாட்டத்தைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போம்.

இன்றைய காரிலும் பஸ்ஸிலும் பிரேக்கையும் எஞ்சினையும் கண்காணிப்பவை சின்னஞ்சிறு சிப்புகள். சிப்புக்கு மின்சாரம் போக வர, மயிரிழையில் பாதி கூட இல்லாத கம்பிகளை அதன்மேல் ஒட்ட வேண்டும். பல கம்பிகளின் தடிமன் 25 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை நாற்பது பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு. இதற்கு ‘வயர் பாண்டிங்’ என்று பெயர். பசை கிடையாது, ஈயப் பற்றும் கிடையாது. சூடு, அழுத்தம், காதுக்குக் கேட்காத அதிர்வு ஆகியவை சேர்ந்து உலோகத்தை உலோகத்தோடு பிணைக்கின்றன. இயந்திரம் விநாடிக்குப் பத்துக்கு மேல் ஒட்டித் தள்ளுகிறது. பிறகு கறுப்புப் பிசினால் மூடிவிடுகிறார்கள். பஞ்சாலையில் இழை அறுந்தால் முடிந்து விடலாம். இங்கே மூடிய பிறகு பிரம்மாவே வந்தாலும் முடிய முடியாது!

ஒட்டு ஏன் விட்டுப் போகிறது? சிப்பின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இருந்தால் கம்பி பிடிக்காது. பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவால் அதை முன்கூட்டியே துடைக்க வேண்டும். கம்பி நுழைந்து வரும் பீங்கான் மூக்குத் தேய்ந்தாலும் ஒட்டு கெடும். துடைக்க நேரம் வேண்டும், மூக்கு மாற்றக் காசு வேண்டும். இரண்டிலும் மிச்சம் பிடிப்பது யார்? இயந்திரத்தின் முன் நிற்கும் பெண்ணா? மட்டப் பஞ்சை மிக்ஸிங்கில் போட்டுவிட்டு, இழை அறுந்ததற்குச் சைடு பார்ப்பவருக்கு மெமோ கொடுக்கும் வித்தையை நம் மில் தோழர்கள் அறிவார்கள்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. கம்பி பிடிக்காவிட்டால் இயந்திரம் தானே நின்றுவிடும். நின்றால் டார்கெட் போச்சு! “அதிர்வைக் கூட்டு, அழுத்தத்தைக் கூட்டு” என்று உத்தரவு வருகிறது. கம்பி பிடித்துக் கொள்ளும். அடியில் சிப்பு கீறிவிடும். அன்றைய சோதனையில் அது தேறிவிடவும் கூடும். ஆனால் வாகன விதியான ஏஇசி-கியூ100-ன் மிகக் கடுமையான வகுப்பில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலிருந்து 150 டிகிரிச் சூடு வரை தாங்கியாக வேண்டும். சூடும் குளிரும் மாறி மாறி அடிக்க, கீறல் வளர்கிறது. சில வருஷம் கழித்து மலைச்சாலையில் பிரேக்குக் கருவி மக்கர் செய்தால், கேஸ் யார் மேல்? பஸ் டிரைவர் மேல்!

தங்கம் விலை ஏறியதும் முதலாளிமார் செம்புக் கம்பிக்குத் தாவினார்கள். செம்பு மட்டமான உலோகம் என்று நாம் சொல்லவில்லை. முறையாக ஒட்டினால், அலுமினியத்தின் மேல் தங்கத்தைவிட நன்றாகவே சூடு தாங்கும். ஆனால் அது கடினமானது. காற்றுப் பட்டால் களிம்பேறும். சிறிது குளோரின் இருந்தாலும் ஈரத்தில் ஒட்டு அரிக்கும். ஒட்டும்போது ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் வாயுவின் காப்பு வேண்டும். பீங்கான் மூக்கும் சீக்கிரம் தேயும். 2015-ல் ஆட்டோமோட்டிவ் எலக்ட்ரானிக்ஸ் கவுன்சில் செம்புக் கம்பிக்கென்றே தனி விதி வெளியிட நேர்ந்தது. தங்கத்தில் மிச்சமான பணத்தில் இந்தக் காப்புகளுக்கு எவ்வளவு போயிற்று, லாபக் கணக்குக்கு எவ்வளவு போயிற்று?

இந்தத் தொழிலில் வாய்ப்பூட்டு பழைய சங்கதி. மலேசியாவின் பினாங்கில் 1972-ல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்தது. கிராமத்து இளம் பெண்கள் ஷிப்டு முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண் பதித்துக் கம்பி ஒட்டினார்கள். கண் எரிந்தது, தலை வலித்தது. 1988 வரை எலக்ட்ரானிக் தொழிலாளிக்குச் சங்க உரிமையே மறுக்கப்பட்டது. பிறகு ஆலைக்குள் அடங்கிய சங்கம் மட்டும். 2009-ல்தான் பிராந்தியச் சங்கங்களுக்கு அனுமதி. “மூக்குத் தேய்ந்துவிட்டது” என்று சொல்ல வாயில்லாத இடத்தில் தரம் எங்கிருந்து வரும்?

தொழிலாளி தவறே செய்வதில்லை என்று நாம் வாதாடவில்லை. வெறும் விரல் பட்டாலும் ஒட்டு கெடும். ஆனால் புதிய சிப்புக்கு அங்கீகாரம் தரும்போது விதி கேட்பது, குறைந்தது 5 சிப்புகளில் 30 கம்பிகளை இழுத்துப் பார்ப்பதைத்தான். அதன்பின் ஷிப்டு ஷிப்டாக இயந்திரத்தோடு நிற்பவர் தொழிலாளி. சந்தேகம் வந்தால், சம்பள வெட்டுக்கு அஞ்சாமல் இயந்திரத்தை நிறுத்தும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். ஜப்பானின் டொயோட்டா ஆலையில் தொழிலாளி இழுத்து லைனை நிறுத்தக் கயிறு கட்டியதை மேடைதோறும் புகழும் நிர்வாகிகள், தங்கள் ஆலையில் அதைக் கட்டத் தயங்குவானேன்? மூக்கு மாற்றிய தேதியையும் இழுவைச் சோதனைக் கணக்கையும் ஷிப்டுதோறும் சுவரில் ஒட்டுங்கள். வாசகத்தை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்.