இல்லத்திற்கு ஓர் எண்ணேடு

சென்ற திங்களில் ஓர் இரவு, குப்பத்தில் நம் அண்டை வீட்டு மூதாட்டியார் பதறிவந்து கதவைத் தட்டினார். அவருடைய கணவர் மயங்கி வீழ்ந்துவிட்டார். மகனோ பெங்களூரில் இரவுப் பணியில் இருந்தார். மகனின் எண் கணவரது கைப்பேசியில் இருந்தது. அதைத் திறக்கும் இரகசிய எண்ணை அறிந்தவரோ மயங்கிக் கிடந்தவர் ஒருவரே! நாம் 108-ஐ அழைத்தோம், ஊர்தி வந்தது, பெரியவர் பிழைத்தெழுந்தார். எனினும், மகனுக்குச் செய்தி எட்டியது பொழுது புலர்ந்த பின்னரே.

இதனை எண்ணுந்தோறும், நம் இல்லங்களினின்று மறைந்துபோன தொலைபேசிப் புத்தகம் நினைவுக்கு வருகின்றது.

உலகின் முதல் தொலைபேசிப் பட்டியல் 1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளிவந்தது. அஃது ஒரே தாள், அதில் சுமார் 50 பெயர்கள் இருந்தன, எண்களே இல்லை! பெயரைச் சொன்னால் நிலையத்தார் இணைத்துக் கொடுப்பர். நம் நாட்டில் 1882-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நிலையங்கள் தோன்றின. தொடக்கத்தில் கல்கத்தாவின் சந்தாதாரர் 93 பேரே. தொகை பெருகப் பெருகப் பட்டியலும் பருத்துப் புத்தகமாயிற்று.

'டெலிபோன் டைரக்டரி' எனப்பட்ட அந்நூல் வெறும் பெயர்க்கோவை அன்று. தீயணைப்பு, காவல் முதலிய அவசர எண்களும், ட்ரங்கால் விதிகளும் அதில் அடங்கியிருந்தன. புதியது வந்ததும் பழையது குழந்தைக்கு மணையாகும். பின்னர்க் கடலைப் பொட்டலமாகும்.

ஆயினும், ஊர்விட்டு வந்த நம்மனோர்க்கு அதனினும் உற்ற துணையாய் நின்றது, தொலைபேசியருகே நூலில் கட்டிய பென்சிலோடு தொங்கிய சிறு குறிப்பேடே. சொந்தத் தொலைபேசி இல்லாதவர் அண்டை வீட்டு எண்ணைக் கொடுத்து, அதனருகில் 'பி.பி.' என எழுதுவர். 'சற்றே அவரைக் கூப்பிட்டு விடுங்கள்' என்பதற்கு அவ்வீரெழுத்தே போதுமானதாயிருந்தது.

அன்பர்களே, அவ்வேட்டை மீண்டும் தொடங்குவோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதற்பக்கத்தில் 108, 112, மருத்துவர், அண்டை வீட்டார் ஆகியோரின் எண்கள் இருக்கட்டும். பாட்டியும் படிக்கத்தக்க பெரிய எழுத்தில் எழுதுக. தமிழரின் முன்னெழுத்து தந்தை பெயரைக் குறிப்பது. தெலுங்கர்க்கோ அது வீட்டுப் பெயர். இரு மொழியாரும் கலந்து வாழும் குப்பத்தில் முன்னெழுத்தைக் கொண்டு தேடினால் குழப்பமே மிஞ்சும். ஆதலின், 'பெங்களூர்ப் பெரியவன்', 'வாணியம்பாடிச் சித்தப்பா', 'எதிர்வீட்டு அக்கா' என்று வீட்டில் வழங்கும் பெயரையே எழுதுக.

எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். பள்ளியில் தெலுங்கு பயிலும் அவர்கட்கு, உறவுமுறையும் தமிழெழுத்தும் ஒருங்கே கைவரும். உதவிக்கு வருவோர் தெலுங்கர் ஆகவும் கூடும். அருகில் தெலுங்கிலும் எழுதி வைத்தல் நலம்.

அண்டை வீட்டுச் சுவரில் இப்போது அத்தகைய ஏடொன்று தொங்குகின்றது. எழுதியவன் பேரன். முதல் வரியில் மகனின் எண். இரண்டாம் வரியில் நம்முடைய எண்.