நிலா எங்கே போனாள்? எட்டு எபிசோடு, எட்டு ராத்திரி, எங்கள் வீட்டுத் துப்பறிவாளர்கள்!

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் ஸ்பாய்லர் கிடையாது. ‘சுழல்’ பார்க்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். எட்டு நாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் மூடிக்கொண்டிருப்பது பெரிய விஷயமில்லை.

போன ஏப்ரலில் பென்னாகரத்தில் எங்கள் வீட்டிலிருந்தே பத்து நாள் வேலை பார்த்தேன். முதல் நாள் ராத்திரி களி சாப்பிட்டு முடித்ததும் சித்தி டிவியைப் போட்டார். “ஏதோ சுழலாமே, ஊரே பார்த்துடுச்சாம், நாமதான் பார்க்கலயாம்” என்றார். ஊர் பார்த்து முடித்து எவ்வளவோ நாளாகிவிட்டது. புஷ்கர் - காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய ‘சுழல்’ முதல் சீசன் அமேசான் பிரைமில் வந்தது 2022 ஜூன் 17-ம் தேதி. அன்றைக்கே சென்னை ஹாஸ்டலில் விடிய விடியப் பார்த்து முடித்தவள் நான். “ஒரு நாளைக்கு ஒரு எபிசோடுதான். அதுக்கு மேல கேட்டா ரிமோட் என் தலையணைக்கு அடியில போயிடும்” என்று சித்தி சட்டம் போட்டார். “நீ பார்த்துட்டல்ல? வாயைத் திறந்தே, தொலைச்சிடுவேன்” என்று எனக்குத் தனியாக ஒரு சட்டம்.

கதையின் ஆரம்பம் பலருக்கும் தெரிந்திருக்கும். சாம்பலூர் என்ற மலையூர். அங்கே ஒரு சிமென்ட் ஃபேக்டரி, வேலைநிறுத்தம். பார்த்திபன் தொழிற்சங்கத் தலைவர் சண்முகம். ஃபேக்டரி தீப்பிடித்து எரிகிற அதே ராத்திரி, அவருடைய சின்ன மகள் நிலா காணாமல் போகிறாள். பள்ளிக்கூடத்துப் பெண். கதிரும் ஸ்ரேயா ரெட்டியும் போலீஸ். வெளியூரிலிருந்து திரும்பி வரும் அக்கா நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ். பின்னால் அங்காளம்மனின் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டே இருக்கும்.

மயானக் கொள்ளை எங்கள் மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. மாசி மாசம், சிவராத்திரி முடிந்த கையோடு காளி வேஷம் கட்டிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். எங்கள் ஆயா முதல் எபிசோடு முழுக்க வேஷத்துக்குப் போட்ட அரிதாரத்தில்தான் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

எபிசோடு முடிந்ததும் டிவி அணையும், கோர்ட்டு கூடும். சித்தி புளியங்கொட்டை எடுத்துக்கொண்டே தீர்ப்பு சொல்வார். தம்பி இன்ஜினீயரிங் படிக்கிறான், அதனால் ஆதாரம் இல்லாமல் பேச மாட்டான். ஆதாரம் என்றால் என்ன தெரியுமா? “பெரிய நடிகர் சும்மா வந்துட்டுப் போக மாட்டாரு.” அவனுடைய மொத்தத் துப்பறியும் சாஸ்திரமும் இந்த ஒரு வரிதான். “பார்த்திபன் வில்லனா இருந்தா ரொம்ப ஈஸி, அதனால அவர் இல்ல. ஆனா அவரை ஈஸின்னு நாம நினைப்போம்னு டைரக்டருக்குத் தெரியும், அதனால அவராவும் இருக்கலாம்.” இதைக் கேட்டுவிட்டுச் சித்தப்பா எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

தம்பி சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. மர்மத் தொடர் எழுதுகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் நடக்கும் ஆடுபுலி ஆட்டம் இது. ஒரு கதவின் மேல் கேமரா ரெண்டு நொடி கூடுதலாக நின்றால் நாம் உஷாராவோம். நாம் உஷாராவோம் என்று தெரிந்துதான் அவர்கள் அங்கே நிறுத்தியிருப்பார்கள். நிஜமான தடயம் யாரோ தண்ணீர் குடிக்கிற காட்சியில் சத்தமில்லாமல் போயிருக்கும்.

மூணாம் நாள் அம்மா ‘மர்மதேசம்’ கதையை எடுத்தார். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, கே.பாலசந்தரின் நிறுவனம் தயாரித்து 90-களின் பிற்பாதியில் சன் டிவியில் வந்த தொடர். அதில் ‘விடாது கருப்பு’ ஓடிய காலத்தில் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தெருவில் ஒரே வீட்டில்தான் கேபிள். ஊரில் தப்பு செய்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். செய்வது குதிரையில் வருகிற கருப்பசாமியா, மனுஷனா? இதைத் தெரிந்துகொள்ள அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

“அந்த ஒரு வாரத்துல நாங்க பேசாத பேச்சா? தண்ணி பிடிக்கிற இடத்துல பேசுவோம், ரேஷன் கடை வரிசையில பேசுவோம். நான் ஒருத்தரைச் சொன்னேன், கடைசி வரைக்கும் அவரைத்தான் சொன்னேன்.”

“கரெக்டா இருந்துச்சா பெரியம்மா?”

“எங்க? சுத்தமா தப்பு.”

அந்தத் தொடரில் தம்பியின் ‘பெரிய நடிகர்’ சாஸ்திரம் ஒன்றும் வேலை செய்திருக்காது. சேத்தன், தேவதர்ஷினி எல்லாம் அப்போது புது முகங்கள். முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை, கதையை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தபோது எங்கள் டெஸ்க்கில் அஞ்சலிக் கட்டுரைக்காக வந்த நினைவுகளைத் தொகுத்தேன். பாதிப் பேர் கதையைப் பற்றிப் பேசவில்லை. அப்போது யாரை நாம் சந்தேகப்பட்டோம், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம் என்பதைத்தான் சொன்னார்கள். முடிவு மறந்துபோனவர்களுக்குக்கூடச் சந்தேகம் மறக்கவில்லை.

இப்போது எட்டு எபிசோடும் ஒரே நாளில் கொட்டுகிறார்கள். அடுத்த எபிசோடு தானாக ஓட ஆரம்பிக்கிற அந்தச் சில நொடிகள்தான் ஒரு சந்தேகத்தின் மொத்த ஆயுசு. சித்தி போட்ட சட்டம் எவ்வளவு நல்ல சட்டம் என்று மூணாம் நாள்தான் புரிந்தது.

அமெரிக்காவில் 1990-ல் ‘ட்வின் பீக்ஸ்’ என்று ஒரு தொடர் வந்தது. லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் உடல் ஆற்றங்கரையில் ஒதுங்குகிறது. யார் கொன்றது? எடுத்த டேவிட் லிஞ்சுக்கும் மார்க் ஃப்ராஸ்ட்டுக்கும் அதைச் சீக்கிரம் சொல்லிவிட விருப்பமே இல்லை. சேனல் நெருக்கியது. ரெண்டாவது சீசன் நடுவில் சொன்னார்கள். அதன் பிறகு பார்க்கிற கூட்டம் கரைந்து, 1991-ல் தொடரே நின்றுபோனது. பதில் தெரிந்தவுடன் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

எங்கள் ஆயாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “துரியோதனன் சாவான்னு தெரிஞ்சிதான் விடிய விடியக் கூத்து பார்க்கிறோம். படுகளத்தன்னிக்குக் கூட்டம் குறையுதா என்ன?” என்றார். பதினெட்டு நாள் பாரதம் பார்த்து வளர்ந்தவரிடம் ட்வின் பீக்ஸை வைத்து வாதாட முடியுமா? விட்டுவிட்டேன்.

சரி, சிரிப்பெல்லாம் இதோடு போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது நாலாம் நாளுக்காக.

முடிவு தெரிந்த ஒருத்தி, தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால் கதையைவிட அவர்கள் முகம்தான் நன்றாகத் தெரியும். நிலா காணாமல் போன பத்தாவது நிமிஷமே எங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. “எவன்கூடயோ போயிருப்பா.” சொன்னது சித்தி. அம்மா ‘ம்’ கொட்டினார். அடுத்தடுத்த நாள் ஃபேக்டரி முதலாளி, திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரன் என்று பட்டியல் நீண்டது. ஆனால், முதல் சந்தேகம் அந்தப் பெண்மேலேயேதான். அவள் போனை ஏன் அணைத்தாள், எதற்குச் சிரித்தாள், அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை? ஆயா மட்டும் தினமும் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். “அந்தப் புள்ளை சாப்பிட்டுச்சோ என்னமோ?”

2022 டிசம்பர் 2-ம் தேதி வந்த ‘வதந்தி’ இதையே கதையாக வைத்திருந்தது. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கியது. கன்னியாகுமரிப் பக்கம் வெலோனி என்ற இளம்பெண்ணின் உடல் கிடைக்கிறது. முதலில் அது ஒரு நடிகையின் உடல் என்று ஊரெல்லாம் பரவிவிடும், நடிகை உயிரோடு வந்து நிற்பார். தப்பில்தான் கதையே தொடங்குகிறது. எஸ்.ஜே.சூர்யா யாரை விசாரித்தாலும் ஆளுக்கொரு வெலோனியைச் சொல்வார்கள். செத்தவள் வந்து மறுக்க முடியாது, அதனால் யாருக்கும் கூச்சமில்லை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நானும் அப்படி ஒரு வெலோனியைச் சொன்னவள்.

பதினொன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் தெருப் பெண் ஒருத்தி, என் வகுப்புதான், ஒரு நாள் சாயங்காலம் வீடு திரும்பவில்லை. ஒன்பது மணிக்குத் தெருவே வாசலில் நின்றது. ஆளாளுக்கு ஒரு யூகம். நானும் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. “பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைகிட்ட ஒரு பையன்கூடப் பேசிட்டிருந்தா” என்றேன். பார்த்தது நிஜம்தான். அந்தப் பையன் ரெக்கார்டு நோட்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் யூகத்தில் சுவாரஸ்யம் இருந்திருக்காது.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் அவள் அத்தையோடு வந்து இறங்கினாள். பரீட்சையில் மார்க் குறைந்துவிட்டது, அப்பா அடிப்பார் என்று பயந்து பாலக்கோட்டில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். போனில் சார்ஜ் இல்லை. எல்லாம் அவ்வளவுதான். ஆனால் ஜெராக்ஸ் கடைப் பையன் மட்டும் போகவில்லை. ஒரு மாசம் கழித்தும் யாரோ யாரிடமோ அதைச் சொன்னார்கள். அந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பைத் தனியாக, தாமதமாகத்தான் எழுதினாள்.

நாலாம் நாள் ராத்திரி வாசலில் வந்து நின்றது அவள்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, லீவுக்கு வந்திருக்கிறாள். அம்மா கொடுத்திருந்த பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவளைச் சித்தி உட்கார வைத்துவிட்டார். முழு எபிசோடும் பார்த்தாள். முடிந்ததும் கோர்ட்டு கூடியது. சித்தி வழக்கம்போல, “எனக்கென்னமோ அவ எவன்கூடயோ...” என்று ஆரம்பித்தார்.

“போயிருக்க மாட்டா சித்தி” என்றாள் அவள். “வீட்டுக்கு வர பயமா இருந்திருக்கும்.”

சித்தியின் கை புளியில் அப்படியே நின்றது. அம்மா என்னைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை, “வரேன் பெரியம்மா” என்று எழுந்தாள். தெருமுனை வரைக்கும் கூடவே போனேன். ஜெராக்ஸ் கடையைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. “ஓசூர்ல வெயில் எப்படி?” என்று கேட்டேன். “இங்கைவிடப் பரவாயில்ல” என்றாள். அடுத்த நாள் காலையில் போன் பண்ணித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “நீதான்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. பிறகு ரெண்டு பேரும் வேறு என்னென்னமோ பேசினோம்.

செய்தி டெஸ்க்கில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு சட்டப்பிரிவு உண்டு. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 23. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என எதையும் அடையாளம் தெரிகிற மாதிரி ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை. ‘அக்கம்பக்கம்’ என்ற வார்த்தையை அந்தப் பட்டியலில் பார்த்தபோது, எங்கள் தெருவைத் தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இதே சட்டத்தில் பதிவாகும் வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம்சாட்டப்படுகிறவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருஷா வருஷம் சொல்கின்றன. இருந்தும், எங்கள் வீட்டுப் பட்டியலில் வெளியூர்க்காரன்தான் எப்போதும் முதல் மூணு இடத்துக்குள் இருந்தான். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 1098. இது எந்நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது.

அஞ்சாம் நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கோர்ட்டு கொஞ்சம் மாறியது. நிலா போனை ஏன் அணைத்தாள் என்ற கேள்வி குறைந்து, நிலாவைக் கடைசியாகப் பார்த்தவர்கள் யார், அவர்கள் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். அதனால் கண்டுபிடித்துவிட்டார்களா என்றால், இல்லை. தம்பி நாலு பேரைச் சொன்னான், நாலும் தப்பு. எட்டாம் நாள் முடிந்ததும் பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. ஆயா மட்டும் “அடப்பாவி” என்றார். யாரைச் சொன்னார் என்பதை நான் சொல்ல மாட்டேன், சத்தியம் செய்திருக்கிறேன்.

நான் சென்னை திரும்பிய வாரமே ரெண்டாவது சீசனை ஆரம்பித்துவிட்டார்கள். 2025 பிப்ரவரி 28-ல் வந்தது. அதில் ஒரு வக்கீல் கொலை செய்யப்படுகிறார். இளம்பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து ‘நான்தான் கொன்னேன்’ என்று சரணடைகிறார்கள். ராத்திரி பத்தரைக்குச் சித்தியிடமிருந்து போன்.

“ஏண்டி, எல்லாரும் நான்தான் நான்தான்னு வந்து நின்னா, நான் யாரைடி சந்தேகப்படறது?”